அந்த நேரம் வந்தால் நிஜமாகவே செய்வாரா? இயங்கு ஆட்டக் கோட்பாடு: கேள்வி பதில்

ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. அதற்குள் காலம் நுழைந்தால் பொருளியலில் என்னென்ன மாறுகிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். பல வருடங்களாக வகுப்பில் நடத்திவரும் பாடம், மனதுக்குப் பிடித்த பாடமும்கூட. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், சாதாரண ஆட்டத்துக்கும் இயங்கு ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் ஆடிய பிறகு இன்னொருவர் ஆடுவது மட்டும்தானா?

அது மட்டும் போதாது. இரண்டாமவர் பிறகு ஆடினாலும், முதலாமவர் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் ஆடிய மாதிரிதான். யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதுதான் விஷயம்.

அது தெரிய ஆரம்பித்தால் மிரட்டலும் வாக்குறுதியும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் நிறுவனம், "நீ உள்ளே வந்தால் அடிமாட்டு விலைக்கு விற்பேன்" என்று புதியவரை மிரட்டுகிறது. அவர் நம்பி ஒதுங்கிவிட்டால் அதுவும் ஒரு நாஷ் சமநிலைதான். தன் முடிவை மாற்றிக்கொள்ள இருவருக்குமே காரணம் இல்லை. ஆனால் அவர் துணிந்து உள்ளே வந்துவிட்டால்? விலையை அடித்தால் பழைய நிறுவனத்துக்கும் நட்டம். பேசாமல் சந்தையைப் பகிர்ந்துகொள்ளத்தான் பார்க்கும். குரைக்கிற நாய் கடிக்காது.

ராய்ன்ஹார்ட் செல்ட்டன் 1965-இல் பிடித்தது இந்த ஓட்டையைத்தான். அந்த நேரம் வந்தால் நிஜமாகவே அப்படிச் செய்வாரா என்று ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும்; தேறாத சமநிலைகளைக் கழித்துவிட வேண்டும். தேறுவதைத் துணையாட்ட நிறைவுச் சமநிலை என்கிறோம். 1994-இல் நாஷ், ஹர்சானி இருவரோடும் அவருக்கு நோபல் கிடைத்தது.

கேள்வி: கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும் என்கிறார்கள். எண் வைத்துக் காட்டுங்களேன்.

இரண்டு நிறுவனங்கள், ஒரே சரக்கு. இருவரும் சேர்ந்து விற்கும் அளவை 120-இல் கழித்தால் வருவது விலை. உற்பத்திச் செலவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் ஆளுக்கு 40 அலகு, விலை 40, லாபம் ஆளுக்கு 1600. இது கூர்னோ 1838-இல் காட்டிய வழி.

இப்போது முதலாமவர் முன்னதாகவே உற்பத்தி செய்து முடித்துவிடுகிறார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். கடைசியில் ஆடுபவரிடமிருந்து தொடங்குங்கள். 120-இல் முதலாமவரின் அளவைக் கழித்து, மீதியில் பாதியை உற்பத்தி செய்வதுதான் அவருக்கு லாபம். இதைத் தெரிந்துகொண்டு முதலாமவர் கணக்குப் போட்டால் 60 வருகிறது. இரண்டாமவர் 30. விலை 30. லாபம் முறையே 1800, 900. ஸ்டாக்கல்பெர்க் 1934-இல் எழுதிய ஆட்டம் இது.

வகுப்பில் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவேன். இரண்டாமவருக்குத் தகவல் கூடியிருக்கிறது, எதிராளி செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். லாபமோ 1600-இலிருந்து 900-ஆகக் குறைந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டுத்தான் ஆடுவார் என்பது முதலாமவருக்குத் தெரியும், அதனால் வந்த வினை.

கேள்வி: இரண்டாமவர் 30 என்று முடிவு செய்த பிறகு, முதலாமவர் 60-ஐக் குறைத்துக்கொண்டால் இன்னும் லாபம்தானே ஐயா?

ஆமாம். 45-ஆகக் குறைத்தால் விலையும் 45, லாபம் 2025. ஆனால் அவரால் குறைக்க முடியும் என்று தெரிந்தால் இரண்டாமவர் 30-இல் நிற்கவே மாட்டார். ஆட்டம் பழையபடி 40-க்கு 40 என்று ஆகிவிடும். பின்வாங்க வழி இல்லாததால்தான் 1800 கிடைத்தது.

தன் கையைத் தானே கட்டிக்கொள்வது பலமாக முடியும் என்பதைத் தாமஸ் ஷெல்லிங் பேரத்திலும் அணு ஆயுத மிரட்டலிலும் காட்டினார். அவினாஷ் தீட்சித் 1980-இல் இதைத் தொழிற்சாலைக்குப் பொருத்தினார். அறிக்கை விட்டால் போட்டியாளர் நம்பமாட்டார். திரும்ப எடுக்க முடியாத பணத்தைக் கொட்டிப் பெரிய ஆலையைக் கட்டிவிட்டால் நம்பித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சதுரங்கமும் இதில் சேருமா?

சேரும். வெள்ளை கட்டாயம் வெல்லலாம், கறுப்பு கட்டாயம் வெல்லலாம், அல்லது இருவருமே தோல்வியைத் தவிர்க்கலாம். மூன்றில் ஒன்று உறுதி என்பது செர்மெலோ 1913-இல் தொடங்கிவைத்த வாதம். எது என்று இன்னும் யாராலும் கணக்கிட முடியவில்லை.

கேள்வி: நிறுவனங்கள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றி வைக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போக முடியாத ஒப்பந்தம். பிறகு ஏன் மீறுவதில்லை?

அதே எண்களையே எடுத்துக்கொள்வோம். பேசிவைத்து ஆளுக்கு 30 விற்றால் விலை 60, லாபம் 1800. ஒருவர் மட்டும் மீறி 45 விற்றால் அவருக்கு 2025. ஒரே முறை ஆட்டம் என்றால் மீறுவார், சந்தேகமே வேண்டாம். மாதாமாதம் தொடர்ந்தால்? மீறிய மறுமாதத்திலிருந்து ஆளுக்கு 1600 என்ற நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். இன்று 225 கூடுதல், அப்புறம் மாதம் 200 நட்டம். அடுத்த மாத லாபத்தை இன்றைய மதிப்பில் எவ்வளவாக எண்ணுகிறாரோ, அந்தத் தள்ளுபடிக் காரணி 9/17-ஐ, அதாவது சுமார் 0.53-ஐத் தொட்டுவிட்டால் மீறாமல் இருப்பதே நல்லது. இந்தத் தண்டனை வெற்று மிரட்டல் அல்ல. ஆளுக்கு 40 என்பதே ஒரு சமநிலை. தண்டிப்பவர் தன் நலனுக்கு எதிராக எதையும் செய்யவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். உண்மையில் எதிராளி எவ்வளவு விற்றார் என்பது தெரியாது, விலை மட்டும்தான் தெரியும். விலை சரிந்தால் அது துரோகமா, தேவை குறைந்ததா? எட்வர்ட் கிரீனும் ராபர்ட் போர்ட்டரும் 1984-இல் காட்டியது இது: யாருமே மீறாவிட்டாலும் அவ்வப்போது விலைப்போர் வெடிக்கத்தான் வேண்டும். சரிவை மன்னித்துவிட்டால், அடுத்த முறை மீறுவதற்கு அதுவே சாக்காகிவிடும். 1880-களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தானியக் கட்டணத்துக்காக வைத்திருந்த கூட்டணியின் விவரங்களைப் போர்ட்டர் இதே கண்ணோடு அலசினார்.

கேள்வி: அதே கூட்டு 100 மாதத்தோடு முடிகிறது என்று இருவருக்கும் தெரிந்தால்?

நல்ல கேள்வி, தம்பி. 100-ஆவது மாதம் இருவரும் மீறுவார்கள், தண்டிக்க நாளை இல்லை. அப்படியானால் 99-இல் கட்டுப்படுவானேன்? இப்படியே முதல் மாதம் வரை குலைந்துவிடும். ஆனால் சோதனைகளில் மனிதர்கள் நெடுநேரம் ஒத்துழைக்கிறார்கள். எதிராளி ஒருவேளை 'கண்ணுக்குக் கண்' ஆளாக, அதாவது நாம் செய்ததையே அடுத்த முறை திருப்பிச் செய்பவராக இருப்பாரோ என்ற சிறு சந்தேகமே அதற்குப் போதும் என்று கிரெப்ஸ், மில்க்ரம், ராபர்ட்ஸ், வில்சன் நால்வரும் 1982-இல் காட்டினார்கள்.

கேள்வி: பேரம் பேசும்போது யார் கை ஓங்கும்?

பொறுத்தார் பூமி ஆள்வார். ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982-இல் அதற்குக் கணக்கே போட்டுவிட்டார். 100-ஐப் பங்கிட இருவரும் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுத் தாமதத்திலும் மதிப்பு கரைகிறது. இருவருக்கும் தள்ளுபடிக் காரணி 0.9 என்றால் முதலில் கேட்பவருக்கு ஏறக்குறைய 52.6. அவருக்கு 0.9, மற்றவருக்கு 0.8 என்றால் 71.4-க்குத் தாவிவிடும். இரண்டிலும் முதல் சுற்றிலேயே பேரம் படிந்துவிடுகிறது. காத்திருக்க முடியும் என்பதே போதும், காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மத்திய வங்கி ஏன் அரசிடமிருந்து தள்ளியிருக்க வேண்டும்? இதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

பணவீக்கம் குறைவாக இருக்கும் என்று நம்பித் தொழிலாளர்கள் கூலி ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். போட்ட பிறகு பணவீக்கத்தைக் கொஞ்சம் ஏற்றினால் கூலியின் உண்மை மதிப்பு குறைந்து வேலைவாய்ப்பு கூடும்; மக்கள் நலன் கருதும் அரசுக்கே அந்த ஆசை வரும். அது தெரிந்த தொழிலாளர்கள் முதலிலேயே கூலியை உயர்த்திக் கேட்பார்கள். கடைசியில் பணவீக்கம்தான் மிச்சம், வேலைவாய்ப்பு கூடவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இதைக் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 1977-இல் எழுதினார்கள், 2004-இல் நோபல் வாங்கினார்கள். இங்கேயும் கையைக் கட்டிக்கொள்வதுதான் மருந்து: பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை அரசு தன்னிடமிருந்து தள்ளியிருக்கும் மத்திய வங்கியிடம் விட்டுவிடுவது. நியூசிலாந்து 1989-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது.

கேள்வி: மீன்வளம் மாதிரி, ஆட்டம் ஆட ஆடக் குறைந்துபோகும் பொருளாக இருந்தால்?

அப்போது ஒவ்வொரு சுற்றும் வேறு ஆட்டம். லெவ்ஹாரி, மிர்மன் இருவரின் 1980 மாதிரியில் இரண்டு நாடுகள் ஒரே கடலில் பிடிக்கின்றன. மீன் பெருகும் திறனும் பொறுமையும் சேர்ந்த எண்ணை 0.8 என்று வையுங்கள். இருவரும் சேர்ந்து திட்டமிட்டால் 100-இல் 80-ஐக் கடலில் விட்டுவைப்பார்கள். தனித்தனியே ஆடினால் மிஞ்சுவது சுமார் 67. நான் இன்று விட்டுவைப்பதில் ஒரு பங்கை நாளை நீ பிடித்துவிடுவாய் என்பதால் இருவருமே கூடுதலாக அள்ளுகிறோம்.

1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்கே உரிமை கொடுத்தது, ஓரளவு உதவியது. எல்லை தாண்டி நீந்தும் சூரை போன்ற மீன்களுக்கு அது போதாது. அவற்றுக்கு நாடுகள் கூடி வரம்பு வைக்கின்றன. ஆனால் கடலில் மீன் குறைந்தால் யாரோ வரம்பை மீறிவிட்டார்களா, இயற்கையாகவே குறைந்ததா என்று கண்டுபிடிப்பது மறுபடியும் கிரீன், போர்ட்டர் சொன்ன அதே சிக்கல்தான்.