அளவெடுத்த பின் பேஸ் எங்கே போயிற்று?

கேள்வி: என் 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவருடன் வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அறைத் திருத்தம் (அறைக்கேற்ப ஒலியை ரிசீவரே அளந்து சரிசெய்வது) செய்தேன். வசனம் தெளிவாகிவிட்டது, ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்து கேட்கிறது, பின்சுவரருகே நின்றால் நிறைவாக இருக்கிறது. அறையின் நீளம் 5 மீட்டர். சோபா நடுவில் உள்ளது. 3 மீட்டர் தள்ளியிருக்கும் சப்வூஃபரை (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) ரிசீவர் 5 மீட்டர் என்று காட்டுகிறது. அந்த எண்ணை மாற்றி, ஈக்வலைசரில் பேஸையும் கூட்டிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரிசீவர் கணக்கிடுவது ஒலி மைக்கை வந்தடையும் நேரத்தை. சப்வூஃபரின் உள்சுற்று 6 மில்லிவினாடி தாமதம் செய்தால் அது திரையில் ஏறத்தாழ 2 மீட்டராகத் தெரியும். அந்த எண்ணைக் குறைத்தால் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் இரண்டின் ஒலியும் சேரும் 80 ஹெர்ட்ஸ் அருகே ஒத்திசைவு இழந்து, இருக்கும் பேஸும் குறையக்கூடும்.

சிக்கல் சோபா இருக்கும் இடத்தில்தான். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இருமடங்கான 10 ஆல் வகுத்தால் வரும் 34 ஹெர்ட்ஸில், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு நிலையலை (நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் ஒலியலை) உண்டாகி, அதன் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலும் போகிறது. 68 ஹெர்ட்ஸிலோ அதே நடுவிடம் உச்சம். இதுவரை நீங்கள் பேஸ் என்று ரசித்தது பெரும்பாலும் இந்த 68 ஹெர்ட்ஸ் முழக்கமாகவே இருந்திருக்கும். திருத்தம் அதை முறையாக வெட்டிவிட்டது, 34 ஹெர்ட்ஸில் உள்ள பள்ளத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை. அங்கே ஒலியைக் கூட்டினால், அதை அழிக்கும் எதிரொலியும் அதே அளவு கூடும். 10 டெசிபெல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு ஆற்றல் தர வேண்டும் என்பதால், சப்வூஃபர் திணறுவதுதான் மிச்சம்.

சோபாவை அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். சப்வூஃபரிலுள்ள கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) திருகை உச்சத்தில் வைத்துவிட்டு மீண்டும் அளவெடுங்கள். மைக் சோபாவின் முதுகில் சாய்ந்திராமல், ஒரு ஸ்டாண்டில் காது உயரத்தில் நிற்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள் (வெயில் காலத்தில் பலரும் தவிர்க்கும் படி இதுதான்). அளவெடுத்து முடிந்ததும், முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று பதிவாகியிருந்தால் 'ஸ்மால்' (பேஸை சப்வூஃபருக்கு விட்டுவிடும் அமைப்பு) என மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதன் பிறகும் பேஸ் போதவில்லை என்று தோன்றினால், ஈக்வலைசரைத் தொடாமல் சப்வூஃபர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்திக்கொள்ளலாம்.