டேப், சந்தா, வாக்குச்சீட்டு: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்

நம் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைத் தேர்தல் அடுத்த மாதம். அதே பொதுக்குழுவில் வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய தீர்மானமும் வருகிறது. இரண்டைப் பற்றியும் உறுப்பினர்கள் கேட்டதற்குப் பதில் எழுத என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். தருமபுரி மாவட்டத்தில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன், சங்கத்தில் பொருளாளராக இருந்தவன், மூன்று முறை சங்கத் தேர்தலை நடத்தியவன். தெரிந்தது அவ்வளவுதான். வருமான வரிக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

பாலக்கோடு, இடைநிலை ஆசிரியை: அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றவே பாதி நேரம் போகிறது. "எல்லாச் செயலிகளையும் புறக்கணிப்போம்" என்று தீர்மானம் போட்டால் என்ன?

போடலாம் டீச்சர், கைதட்டலும் கிடைக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீங்களே எமிஸை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டைத் திறந்து வருகைப் பதிவு போடுவீர்கள். நடக்காத தீர்மானம் சங்கத்துக்குத்தான் அவமானம்.

2022-ல் இந்தத் திட்டம் வந்தபோது நான் பணியில் இருந்தேன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. நல்ல ஆசிரியர்கள் பெயர் வைக்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சண்டை எங்கே என்றால், அதே விவரத்தைப் பதிவேட்டில் ஒரு முறை, செயலியில் ஒரு முறை, அப்புறம் "அவசரம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் எக்செல்லில் ஒரு முறை என்று மூன்று தடவை கேட்பதில்தான்.

நான் கடைசியாக இருந்த பள்ளியில் கை பம்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். போனைப் பம்பு மேடையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவோம். தண்ணீர் குடிக்க வரும் பையன் எட்டிப் பார்த்து, "சார், ஏறிடுச்சு!" என்று கத்துவான். வருகைப் பதிவு முடிந்தது என்று அர்த்தம். மழை வந்தால் போனையும் எடுக்க வேண்டும், பையனையும் உள்ளே கூப்பிட வேண்டும்.

அதனால் தீர்மானத்தில் மூன்று வரி போதும். ஒரு விவரத்தை ஒரு முறைதான் கேட்க வேண்டும். சிக்னல் இல்லாத நாளில் கையெழுத்துப் பதிவேடே ஆதாரம். ஆசிரியரின் சொந்த போன் கட்டாயம் இல்லை. மூன்றாவதற்கு நம் கையில் வலுவான நியாயம் இருக்கிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று 79,723 டேப் (கையடக்கக் கணினி) வாங்கியதே அரசுதான். வேலைக்குக் கருவி தரவேண்டியது தன் பொறுப்பு என்று அதிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஒன்று செய்யுங்கள். பத்து வேலை நாளுக்கு, எந்தச் செயலிக்கு எத்தனை நிமிடம் போனது என்று பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதுங்கள். இருபது பள்ளிக் கணக்கு சேர்ந்தால் வட்டாரக் கல்வி அலுவலர் முன்னால் வைக்கலாம். எழுதி வைக்காதது நடக்கவே இல்லை. இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

மொரப்பூர், தலைமையாசிரியர்: திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு) மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் எரிந்துவிட்டது. நான் கட்ட வேண்டி வருமா?

இருப்புப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறீர்களா, முதலில் அதைப் பாருங்கள். அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம், நகலில் முத்திரையோடு ஒப்புகை. போனில் சொன்னேன் என்பது கணக்கில் வராது. கைக்காசில் மட்டும் சரிசெய்யாதீர்கள். ஒரு முறை செய்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

பள்ளி மானியத்திலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. சாக்பீஸ், மின் கட்டணம், கழிவறைச் சுத்தம் எல்லாம் அதற்குள்தான். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் ஒன்றிய அரசு இந்த மானியம் வரும் சமக்ர சிக்ஷா திட்டப் பணத்தை நிறுத்திய கதையும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பத்தாயிரத்தில் பலகையை மீட்க முடியாது சார்.

காரிமங்கலம்: எங்கள் ஸ்மார்ட் போர்டும் வேலை செய்யவில்லை, யாரிடம் சொல்வது?

மேலே பாருங்கள்.

நல்லம்பள்ளி: 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் மீதி உள்ளவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டுமா?

என் துறை இல்லை. தீர்ப்பு நகலோடு சங்கத்தின் மாநில மையத்தின் சட்டப் பிரிவைப் பாருங்கள். டீக்கடையில் கேட்டதை நம்பி விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடத்தூர், பட்டதாரி ஆசிரியை: தினமும் வகுப்பறைப் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் முகம் தெரியலாமா?

தெரியாமல் எடுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. கரும்பலகை, கணித உபகரணம், பிள்ளைகளின் முதுகு, இது போதும். பாடம் நடந்ததற்குப் படம்தான் சாட்சி என்றால் கல்வித் தொலைக்காட்சியையே படம் எடுத்து அனுப்பிவிடலாமே!

சித்தேரி மலை, இடைநிலை ஆசிரியர்: இந்த முறை கிளைத் தேர்தலைக் கூகுள் ஃபார்மில் நடத்தினால் என்ன? மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் போகிறது.

தம்பி, கேள்வி நியாயம். ஃபார்ம் வேண்டாம்.

அந்த ஃபார்மை யாரோ ஒருவர் தன் கணக்கில் உருவாக்குவார். மின்னஞ்சல் முகவரியைச் சேகரித்தால் யார் யாருக்குப் போட்டார் என்று அவருக்குத் தெரியும். சேகரிக்காமல், உள்நுழைவும் கேட்காமல் விட்டால் ஒருவரே பத்து ஓட்டுப் போடலாம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது செய்தாலும், ஒவ்வொரு ஓட்டும் பதிவான நேரம் பக்கத்தில் நிற்கும். நாற்பது பேர் உள்ள கிளையில் "இப்பதான் போட்டேன் அண்ணே" என்று ஒருவர் போன் பண்ணினால் போதும், ரகசியம் போச்சு.

நீங்களும் நானும் பொதுத் தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவர்கள். விடியற்காலையில் முகவர்களை உட்கார வைத்து, குறைந்தது 50 ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்த பிறகுதானே கதவைத் திறக்கிறோம்? நாட்டுக்கு இவ்வளவு, சங்கத்துக்கு ஒரு லிங்க்கா?

அதே சித்தேரி ஆசிரியர், மறுபடி: ஐயா, செயலி வேண்டாம் என்று அரசிடம் சொல்கிறோம், சரி. ஆனால் மலை ஆசிரியருக்கு ஓட்டே இல்லாமல் போனால் உங்கள் சீல் எதற்கு?

கோபம் புரிகிறது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆளை மலையிலிருந்து இறக்கவில்லை, பெட்டியைத்தான் ஏற்றுகிறார்கள். நம் பெட்டிக்குக் கழுதைகூட வேண்டாம், ஒரு பைக் போதும். இரண்டு தரப்பு முகவரும் கூடப் போகட்டும். மலைப் பள்ளிகளுக்கு முதல் நாள், மற்றவர்களுக்கு மறுநாள். இதைத் தேர்தல் அறிவிப்பிலேயே எழுதச் சொல்லி மனு கொடுங்கள். நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

அரூர், நடுநிலைப் பள்ளி ஆசிரியை: மலைக்குப் பெட்டி போகட்டும். டவுனில் இருக்கும் எங்களுக்கு? பொதுக்குழுவை எப்போதும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறீர்கள். வாக்குப்பதிவு முடிய ஒன்பது ஆகிறது. கடைசி டவுன் பஸ் போய்விடும். கிளையில் பாதிக்கு மேல் பெண்கள், மேடையில் ஒருவர்கூட இல்லை. போனில் என்றால் நாங்கள் போட்டிருப்போம்.

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. நான் நடத்திய மூன்று தேர்தலும் மாலை ஐந்து மணிக்குத்தான். ஒரு தேர்தலில் எட்டரைக்கு மேல் வரிசையில் நின்றிருந்த ஆசிரியைகள் ஒவ்வொருவராகக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். "ஓட்டுப் போடாமல் போறீங்களே" என்று நான்தான் கேலி செய்தேன். அதை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது.

போன் ஓட்டு என்பதை இப்போதும் ஏற்கவில்லை. வீட்டில் அந்த போனை யார் கையில் வாங்கி அழுத்துவார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும் டீச்சர். ஆனால் நேரம் மாற வேண்டும். சனிக்கிழமை காலை பத்து முதல் மூன்று வரை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இடம், பேச்செல்லாம் வாக்குப்பதிவு முடிந்த பிறகு. நீங்களே முன்மொழியுங்கள். வழிமொழிய ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், ஓய்வு பெற்றவனுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் தொண்டை இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம், தளி: எங்கள் பகுதியில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் அதிகம். திறன் பலகையில் வரும் காணொளி அவர்களுக்குப் புரிவதில்லை. இதுவும் தீர்மானத்தில் வருமா?

வர வேண்டும். தமிழ் கற்கும் சட்டம் 2006-லிருந்து இருக்கிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் இரண்டு சொல் சொல்லித் தமிழுக்குக் கூட்டிவருவது ஆசிரியர்தான், காணொளி அல்ல. எந்தக் காணொளியில் எந்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். 2004-ல் மாவட்டம் பிரிந்தாலும் தீர்மானத்தைச் சேர்ந்தே போடலாம்.

ஏரியூர்: ஸ்மார்ட் போர்டு பழுதானால் யார் பொறுப்பு?

மூன்றாவது முறை. மேலே, மேலே, மேலே.

பாப்பிரெட்டிப்பட்டி: மாவட்டச் செயலாளர் ஒன்பது வருடமாக "ஒருமனதாக" வருகிறார். சட்டம் என்ன சொல்கிறது?

நம் சங்கம் 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி வரத் தடை இல்லை. எனவே ஒன்பது வருடம் இருந்தது குற்றம் அல்ல. மூன்று முறையும் வேட்புமனு வாங்கினார்களா, பொதுக்குழு மினிட்டில் பதிவு இருக்கிறதா, நிர்வாகிகள் மாற்றத்தைச் சொல்லும் படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் போனதா, இதைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கோஷ்டி இரண்டு பட்டியல் கொடுத்தால் யார் ஜெயித்தவர் என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். அங்கே போனால் சந்தாப் பணம் வக்கீலுக்கு. எதிர்த்து நிற்க ஆளைத் தேடுங்கள், வழக்கைத் தேடாதீர்கள்.

பென்னாகரம், புதிதாகச் சேர்ந்தவர்: சந்தா ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ஓட்டு உண்டா?

ரசீது எங்கே? ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. பொருளாளர் கையெழுத்தோடு வாங்குங்கள், வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தருமபுரி: வாக்குப்பெட்டிக்கு என்ன ஏற்பாடு?

போன முறை பயன்படுத்திய சாக்பீஸ் அட்டைப்பெட்டி என் பரண் மேல் இருக்கிறது. இரண்டு வேட்பாளர்களின் கையெழுத்தும் ஒட்டிய இடத்தில் குறுக்காக இன்னும் தெரிகிறது. இந்த முறை மலைக்கும் ஒன்று வேண்டும் என்பதால் இன்னொரு பெட்டி தேடுங்கள். பிரவுன் டேப் வாங்கி வாருங்கள், ரசீதோடு.