ஹெலிகாப்டர் ஏன் விழுகிறது? சூலூரிலிருந்து சில பதில்கள்

விமானப் படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பைலட் அல்ல, ஸ்பேனர் பிடித்தவன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேட்டுப்பாளையம்: 2021-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டரை யாரோ சதி செய்து விழவைத்ததாக இன்னமும் டீக்கடையில் பேசுகிறார்கள். உண்மை என்னங்க?

அந்த எம்ஐ-17 வி5 டிசம்பர் 8 அன்று 11.48-க்குச் சூலூரில் கிளம்பியது. 12.15-க்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இறங்க வேண்டியது, 12.08 வாக்கில் தொடர்பு அறுந்து நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 14 பேர். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் போய்விட்டார். முப்படை விசாரணை நாசவேலை, இயந்திரக் கோளாறு, கவனக்குறைவு மூன்றும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்ததும் பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பி மலையில் மோதியது என்பதே அதன் முடிவு. 2024 டிசம்பரில் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையில் காரணம் ‘மனிதத் தவறு’ என்று பதிவாகியிருக்கிறது.

எனக்கு அது போதவில்லை. சூலூர் ஏறக்குறைய 1,250 அடி உயரம், வெலிங்டன் 6,000 அடியை ஒட்டி. அரை மணிக்குள் அவ்வளவு ஏற வேண்டும். பர்லியாறு தாண்டினால் வானமே வேறு என்பது குன்னூர் பஸ்ஸில் போனவர்களுக்குக்கூடத் தெரியும். இந்த வழியில் எப்போது திரும்பி வரவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது எப்படி? அதைத்தான் நான் கேட்பேன்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: அவ்வளவு அனுபவம் உள்ள பைலட்டுக்கு மேல் கீழ் தெரியாமல் போகுமா?

போகும் அம்மணி. நம் உள்காதில் இருக்கும் திரவம்தான் உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. மெதுவாக, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் நேராகப் போவதாகத்தான் தோன்றும். வெளியே பார்த்தால் கண் அதைத் திருத்திவிடும், ஆனால் மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. 2020 ஜனவரி 26-ல் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த விபத்து இதுதான். மேலே ஏறுவதாகப் பைலட் சொல்லிக்கொண்டிருந்தார், ஹெலிகாப்டரோ இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே மாட்டிக்கொண்டால் கருவிகளை மட்டும் நம்ப வேண்டும். அதைவிட நல்லது, மேகம் தெரிந்ததுமே திரும்புவது, இல்லையென்றால் ஏதாவது ஒரு மைதானத்தில் இறங்கிவிடுவது. எங்கும் இறங்க முடிவது ஹெலிகாப்டரின் பெரிய பலம். ஆனால் ‘இன்னும் கொஞ்சம் தாழப் பறந்தால் போய்விடலாம்’ என்ற ஆசையைக் கிளப்புவதும் அதே பலம்தான்.

திருப்பூர்: நடுவானில் இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழும்தானே?

விழாது. பைலட் இடக்கை லிவரை உடனே கீழே தள்ளுவார். பிளேடுகளின் கோணம் குறைந்து, கீழிருந்து வரும் காற்றே அவற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் லிவரை மேலே இழுத்து இறக்கிவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். கையில் உயரமாவது வேகமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணபதி, லேத் பட்டறை: இரண்டு இன்ஜின் இருந்தால் பயமில்லை அல்லவா?

இன்ஜின் இரண்டு இருக்கலாம். மெயின் கியர்பாக்ஸ் ஒன்றுதான், வாலுக்குப் போகும் ஷாஃப்ட்டும் ஒன்றுதான். 2016 ஏப்ரல் 29-ல் நார்வேயின் டூரோய் அருகே ஈசி225 ரக ஹெலிகாப்டர் ஒன்றின் மேல் விசிறி முழுசாகக் கழன்று பறந்து 13 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு கியரில் உலோகச் சோர்வால் விரிசல். உங்களுக்குத் தெரியும், பல் தேய்ந்தால் எண்ணெயில் துகள் வரும். அதைப் பிடிக்கக் காந்தம் வைத்த சிப் டிடெக்டர் உண்டு, நாங்கள் அதைக் கழற்றித் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் டூரோயில் விரிசல் மேற்பரப்புக்கு அடியிலேயே வளர்ந்தது, எந்தக் கண்காணிப்பிலும் சிக்கவில்லை. 2018-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்துக்கு வெளியே ஒரு ஹெலிகாப்டர் விழுந்ததற்குக் காரணம் வால் விசிறியின் ஒரு பேரிங். பராமரிப்புக்காரனாக இந்த இரண்டும்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவை.

ஈரோடு: பாராசூட் ஏன் கொடுப்பதில்லை?

தலைக்கு மேல் விசிறி சுழல்கிறது, அநேகமாகப் பறப்பதும் தாழத்தான். ரஷ்யாவின் கேஏ-50, கேஏ-52 போர் ஹெலிகாப்டர்களில் முதலில் பிளேடுகளை வெடிவைத்துக் கழற்றிவிட்டுப் பைலட்டை வெளியே எறிவார்கள்.

அவிநாசிப் பக்கம், விழாக் குழு: கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூ தூவப் போகிறோம். என்னென்ன பார்க்க வேணுங்க?

அனுமதிகளை ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது ஈபி கம்பி. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும்; தென்னந்தோப்புக்குள் அதுவும் மறைந்துவிடும். சுற்றிலும் எங்கே லைன் போகிறது என்று தாளில் வரைந்து, முந்தின நாளே பைலட்டை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கோபுரத்துக்கு மேல் அசையாமல் நிற்கச் சொல்லாதீர்கள். உயரமாவது வேகமாவது வேண்டும் என்று மேலே சொன்னேனே, இரண்டும் இல்லாத நிலை அதுதான். மெதுவாகக் கடந்துகொண்டே தூவட்டும். பூ கொண்டுபோகும் பிளாஸ்டிக் சாக்கு காற்றில் பறந்தால் வால் விசிறியில் சிக்கும், உள்ளேயே கட்டிவைக்கச் சொல்லுங்கள். இறங்கும் இடத்துப் பக்கம் சாமியானா, பிளக்ஸ், தகரம் எதுவும் கூடாது. புழுதி பறந்தால் பைலட்டுக்குத் தரையே தெரியாது, தண்ணீர் தெளித்துவையுங்கள். பின்பக்கம் யாரும் போகவே கூடாது. தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கமிருந்தும் வரக் கூடாது, அங்கே பிளேடு தலைக்கு நெருக்கமாக இருக்கும்.

அதே குழுவிலிருந்து: முகூர்த்த நேரத்தில் மேகமாக இருந்தால் என்ன செய்வதுங்க?

நேரத்துக்குக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றட்டும், பூ மதியம் விழட்டும். ‘பைலட் வேண்டாம் என்றால் வேறு நேரம், அல்லது பணம் திரும்ப’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அன்றைக்கு விழாத் தலைவரோ, வந்திருக்கும் பெரிய மனிதரோ பைலட்டிடம் நேராகப் போய் ‘கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்’ என்று பேசக் கூடாது. பேசுவதற்கு ஒரே ஒரு ஆளை வையுங்கள், பைலட் முடியாது என்றால் சரி என்று சொல்லத் தெரிந்த ஆளாக.