பட்டறைப் பதில்கள்: கமான் பிராக்கெட்டில் விரிசல்

கேள்வி: எங்களிடம் 1992 மாடல் மகிந்திரா ஜீப் இருக்கிறது. அப்பா வாங்கியது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு உர மூட்டையும் ஆட்களையும் கொண்டுபோக இன்றும் அதுதான். பின் கமானின் (வண்டியைத் தாங்கும் வில் போன்ற ஸ்பிரிங் பட்டைக் கட்டு) முன் முனையைச் சேஸில் மாட்டும் பிராக்கெட் ஓரத்தில் விரிசல் விட்டது. போன வருடம் வெல்டிங் வைத்தோம். இப்போது அந்த வெல்டிங்கை ஒட்டி, பக்கத்தில் மறுபடி விட்டிருக்கிறது. "கனமான தகடு ஒன்றை மேலே வைத்து அடித்துவிடலாம்" என்கிறார் வெல்டர். செய்யலாமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தகடு வைக்கலாம் தம்பி, ஆனால் உடனே வேண்டாம். வைத்த வெல்டிங் அப்படியே நிற்கிறது, பக்கத்து இரும்புதான் விட்டிருக்கிறது. அங்கே என்ன அடி விழுகிறது என்று பார்க்காமல் எத்தனை தகடு வைத்தாலும், விரிசல் இன்னும் ஒரு அங்குலம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அந்தப் பிராக்கெட் வண்டியின் எடையைச் சுமப்பதோடு விடுவதில்லை. பின் சக்கரம் தரையை உந்தும் விசை முழுவதும் அச்சிலிருந்து கமான் வழியாக வந்து அந்த ஒரு போல்ட்டில்தான் சேஸைத் தள்ளுகிறது. கமானின் மறுமுனையில் இருக்கும் ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆடக்கூடியது, அது எதையும் தள்ளாது. ஏற்றத்தில் முன்னால் தள்ளல், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பின்னால் இழுப்பு. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது நாள் முழுக்க ஓயாது.

நீ எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கமான் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்து மலை ஜீப்புகளில் இது சர்வ சாதாரணம். மூட்டை ஏற்றினாலும் வண்டி தணியாது, பார்க்க நிமிர்ந்து நிற்கும். ஆனால் கமான் வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை அப்புறம் பிராக்கெட்தான் வாங்க வேண்டும். சுமையோடு ஏறும்போதைவிட, இறக்கிவிட்டுக் காலி வண்டியாகக் குழியில் குதித்து வரும்போது அடி இன்னும் மோசம். கூடுதல் பட்டை இருந்தால் கழற்றிவிடு. வண்டி தணிகிறது என்றால் மூட்டையைக் குறை. முதலாளிமார்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஷேக்கிளையும் பார். துருவேறி இறுகிப்போயிருந்தால் பட்டை நீளச் சுருங்க இடமில்லாமல் முன் பிராக்கெட்டை நெம்பும். கமான் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் கியர் மாற்றி கிளட்ச்சை விடும்போதெல்லாம் அடியில் 'டொக்' என்று சத்தம் வரும். கமானை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருந்தால், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சே நகரும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு டேப் போதும். சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பார். ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தாலே ஏதோ நகர்ந்திருக்கிறது.

விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாதே. பெயின்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவு. ரேஷனில் அது கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது, டீசலும் ஆகும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசு. உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே கசிந்து விரிசலைக் கோடு போட்டுக் காட்டும். காசு செலவழிக்கத் தயார் என்றால் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்ப்ரே டப்பாவில் விற்கிறார்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

இனி வெல்டருக்கு. விரிசல் முடியும் இடத்தைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டரில் 5 மி.மீ. துளை போடச் சொல். கூரான முனை இருக்கும்வரை விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும், துளையில் வந்து நின்றுவிடும். பழைய வெல்டிங்கின் மேலேயே இன்னொன்றை அப்பக் கூடாது. கிரைண்டரால் முழுவதும் எடுத்துவிட்டு, விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம் வெட்டி, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெல்டிங் ராடில் 7018 என்ற ரகம் நல்லது, ஆனால் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தால், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய் வெல்டிங் ஓரத்தை உடையவைக்கும். உன் வண்டியில் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சூட்டோடு தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்.

தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்று. எர்த் கிளாம்ப்பைப் பிராக்கெட் பக்கத்திலேயே மாட்டு, சக்கரத்திலோ அச்சிலோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்றுவிடும். பிரேக் குழாயைத் தள்ளிக் கட்டு. கமான் பட்டையைத் தகரம் வைத்து மூடு. வெல்டிங் பொறி பட்டையில் ஒட்டினால், நாளைக்குப் பட்டை அந்த இடத்தில்தான் உடையும்.

இப்போது தகடு. சேஸின் கனத்துக்கு மேல் போகாதே. வேட்டிக் கிழிசலில் கோணித் துணியை வைத்துத் தைத்தால் தையலோரம் வேட்டிதானே கிழியும்? தகட்டின் இரு நுனியையும் சதுரமாக விடாமல் சாய்வாக, மூலையை மழுக்கி வெட்டு. மேலிருந்து கீழாக சேஸைக் குறுக்கே அறுக்கிற மாதிரி நேர்கோட்டில் வெல்டிங் வரக் கூடாது. சேஸின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடவே வேண்டாம். பிறகு ரெட் ஆக்ஸைடு, பெயின்ட்.

மாட்டும்போது புஷ் புதிது, யூ போல்ட் புதிது. ரப்பர் புஷ் என்றால் கமான் போல்ட்டை முழு இறுக்கு இறுக்குவது வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கு.

ஒன்றை மறந்துவிடாதே. சேஸ் எண் கொத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரோ பெயின்ட்டோ படக் கூடாது. இவ்வளவு பழைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

கேள்வி: கமான் பட்டையே விரிசல் விட்டால் அதையும் இப்படி வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, கம்பம்

பதில்: கூடாதம்மா. பட்டை பதம் ஏற்றிய ஸ்பிரிங் எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், பக்கத்தில் கண்ணாடியாக உடையும். விட்டது ஒரு பட்டைதான் என்றால் அதே அளவில் புதிது வாங்கிப் போடுங்கள். முதல் பட்டை, அதாவது போல்ட் நுழையும் கண் (வளையம்) உள்ள பட்டை என்றால் வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.