வண்ணத்துப்பூச்சித் தீவுக்குக் கிளம்பும் முன்: குவாதலூப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட குவாதலூப் தீவுக்குப் போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: சேந்த்-ஆன் கடற்கரையில் ஒரே ஹோட்டலில் ஏழு இரவும் தங்கினால் வாடகை குறைகிறது. அங்கிருந்தபடியே காரில் எல்லா இடங்களையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்க முடியும், ஆனால் பாதி நாள் காரிலேயே போய்விடும். வரைபடத்தில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும் குவாதலூப் உண்மையில் இரண்டு தீவுகள். நடுவே ரிவியேர் சாலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய் ஓடுகிறது. கிழக்குச் சிறகான கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல் நிலம். நீங்கள் சொல்லும் சேந்த்-ஆனும், வெள்ளை மணலும் கரும்புக் காடும் அங்கேதான். மேற்குச் சிறகான பாஸ்-தேர் எரிமலை, மழைக்காடு, அருவிகள் நிறைந்த பக்கம். 'பாஸ்' என்றால் தாழ்ந்தது என்று பொருள், ஆனால் உயரமான மலை நிற்பதே இந்தப் பக்கம்தான். காற்று மறைவான பக்கத்தைக் கப்பலோட்டிகள் அப்படிச் சொன்னதால் வந்த பெயர் அது.

இரண்டு சிறகையும் இணைப்பவை இரண்டே பாலங்கள். காலையில் ஜாரி தொழிற்பேட்டைக்குப் போகும் வண்டிகளும் மாலையில் திரும்பும் வண்டிகளும் அங்கே நெரியும். எரிமலை ஏறப் போகிற அன்று அந்த நெரிசலில் மாட்டினால், நீங்கள் அடிவாரம் சேர்வதற்குள் உச்சியை மேகம் மூடிவிடும்.

ஆகவே முதல் நான்கு இரவு பாஸ்-தேரில், கடைசி மூன்று இரவு கிராந்த்-தேரில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம். கிழக்கிலிருந்து பறந்து வருபவர்களுக்கு முதல் சில நாள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். மலை ஏறவும் முதல் படகைப் பிடிக்கவும் அதுவே தோதான நேரம். கடற்கரை ஓய்வு கடைசியில் இருக்கட்டும்.

தங்குமிடம் பதிவு செய்யும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?" பழைய குழாய்கள் கசிவதால் தீவின் பல ஊர்களில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். இதை அங்கே 'தூர் தோ' என்கிறார்கள். 'சித்தேர்ன்' எனப்படும் சேமிப்புத் தொட்டி இல்லாத வீட்டில் தங்கினால், மலையிலிருந்து சேறோடு திரும்பும் மாலையில் குழாய் காற்றைத்தான் கக்கும்.

கேள்வி: என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறது. பாரிஸ் வழியாகப் போகிறேன். அது போதும்தானே?

போதாது. பலர் விமான நிலையத்திலேயே திரும்ப நேர்வது இதனால்தான். குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே புழங்குவது யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பல ஒரே பொது விசாவோடு சேர்ந்திருக்கும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே அது இருக்கிறது. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே, போகும் இடம் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். கையில் வரும் விசா ஒட்டியிலும் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாரிசிலிருந்து குவாதலூப் போகும் விமானங்களில் பல ஓர்லி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. நீங்கள் வந்து இறங்குவது ஷார்ல் த கோல் நிலையமாக இருந்தால், வெளியே வந்து நகரைக் கடந்து போக வேண்டும். அதற்கு ஷெங்கன் விசாவும் வேண்டும். திரும்பும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள் என்பதால் ஒருமுறை நுழைவு விசா உதவாது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய. டிசம்பர் முதல் மே வரையுள்ள வறண்ட பருவத்தை அங்கே 'கரேம்' என்பார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும். ஆகஸ்டு, செப்டம்பரில் கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் 1989இல் ஹியூகோவும் 2017இல் மரியாவும் 2022இல் பியோனாவும் தாக்கியது செப்டம்பரில்தான். கார்னிவல் திருவிழாவை விரும்புபவர்கள், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்களில் போகலாம். அந்த நாட்களில் பல கடைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கூட்டமாகக் கரை ஒதுங்குகிறது. அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பி முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும், தலை வலிக்கும். காற்றை எதிர்கொள்ளும் கிழக்கு, தெற்குக் கரைகளில்தான் தொல்லை அதிகம். மேற்கே தேஷே, பூயாந்த் பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். பிரெஞ்சு வானிலைத் துறை இதற்கென்றே முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கிளம்பும் வாரத்தில் அதைப் பாருங்கள்.

கேள்வி: லா சூஃப்ரியேர் எரிமலை ஏறுவது எவ்வளவு கடினம்? பத்து வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

1,467 மீட்டர் உயரமுள்ள இது கிழக்குக் கரீபியனில் வரிசையாக அமைந்த சிற்றண்டிலிசுத் தீவுகளிலேயே உயரமான சிகரம். இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. 1976இல் அது சீறியபோது 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள்.

சேன்-க்ளோத் ஊரைத் தாண்டி, சுமார் 950 மீட்டர் உயரத்திலுள்ள பேன் ஜோன் என்ற இடத்தில் காரை நிறுத்த வேண்டும். முன்பு இன்னும் மேலே வரை கார் போனது. 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தச் சாலையை மூடிவிட்டார்கள். முதல் அரைமணி கல் பாவிய காட்டுப்பாதை. அது 1,142 மீட்டரில் சவான் ஆ முலே என்ற திறந்தவெளியில் முடியும். அங்கே நின்று மேலே பாருங்கள். உச்சி தெரிந்தால் தொடருங்கள். கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தால் திரும்பிவிடுங்கள். மேலே போனாலும் பார்க்க ஒன்றுமிருக்காது, வழுக்கல்தான் மிஞ்சும். அதற்கு மேல் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை. கடைசிப் பகுதியில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டும்.

காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்குங்கள். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை பெய்கிறது, காற்றும் பலமாக வீசும். கீழே 30 டிகிரி வெயில் என்று பனியனோடு ஏறுபவர்கள் மேலே நடுங்குவார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், காற்றுப் புகாத மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ, மாற்றுச் சட்டை வேண்டும். குடை வேண்டாம்.

உச்சியில் கந்தக வாயு கக்கும் வாய்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக அதைத் தாண்டவே கூடாது. அந்த வாயு அமிலத்தன்மை உள்ளது. கண்ணும் தொண்டையும் எரியும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சவான் ஆ முலேவோடு நின்றுகொள்வது நல்லது. பத்து வயதுப் பிள்ளைக்கு நடைப் பழக்கம் இருந்தால் ஏறிவிடுவான், ஆனால் வாயு உங்கள் பக்கம் வீசினால் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

இறங்கியதும் பேன் ஜோன் வெதுவெதுப்பான குளத்தில் கால்வலி தீரக் குளிக்கலாம். தலையை மட்டும் நீருக்குள் அமிழ்த்தாதீர்கள். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அங்கே எச்சரிக்கைப் பலகை பிரெஞ்சில் இருக்கும். புரியாமல் பிள்ளைகள் முங்கிக் குளித்துவிடுவார்கள், கூடவே நில்லுங்கள்.

கேள்வி: அருவி, கடற்கரை போதும். கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் தேவையா?

தேவை என்பதே எங்கள் உறுதியான எண்ணம். எரிமலையிலிருந்து இறங்கும் வழியை ஒட்டித்தான் மாத்தூபா என்ற மலைப்பகுதியும் கோட்டை உள்ள பாஸ்-தேர் நகரமும் இருக்கின்றன. தனிப் பயணம் வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் புரட்சி 1794இல் இங்கே அடிமை முறையை ஒழித்தது. 1802இல் அதை மீட்க நெப்போலியன் படை அனுப்பினார். எதிர்த்து நின்ற படைத்தலைவர் லூயி தெல்கிரெஸ், பாஸ்-தேர் கோட்டையை விட்டு மாத்தூபா மலைக்குப் பின்வாங்கினார். மே 28 அன்று, மீண்டும் அடிமையாவதை விடச் சாவதே மேல் என்று, சுமார் 300 தோழர்களோடு வெடிமருந்தைக் கொளுத்தி மாண்டார். அடிமை முறை திரும்ப வந்தது. அது ஒழிய 1848 வரை ஆயிற்று. அந்த விடுதலையை நினைத்து மே 27ஐ இன்றும் விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். கோட்டைக்கு இப்போது தெல்கிரெஸின் பெயர். அதன் மதில் மேல் நின்று மலையைத் திரும்பிப் பார்த்தால் அவர்கள் பின்வாங்கிய திசை தெரியும்.

கோட்டையை முதலில் பாருங்கள், புவாந்த்-ஆ-பித்ர் நகரில் அடிமை வரலாற்றைச் சொல்லும் மெமோரியல் ஆக்த் அருங்காட்சியகத்தைப் பிறகு பாருங்கள். 2015இல் திறந்தது, தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் நிற்கிறது. இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம் அல்ல அது.

கேள்வி: அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறதாமே?

ஆம். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளோடு ஒரேலி என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று வந்து சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் அன்று பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. அதற்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் ஹென்றி சிதம்பரம்.

கப்பேஸ்தேர்-பெல்-ஓ ஊருக்கு அருகே, ஷாங்கி என்ற இடத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே வண்ணக் கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. கர்பே அருவிக்குப் போகும் வழிதான், அரைமணி போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் கேட்டுப் படம் எடுங்கள். மாரியம்மனை 'மலியெமின்' என்றும் பூசாரியைப் 'பூசாலி' என்றும் சொல்வார்கள். தமிழ் பேச்சில் இல்லை. ஆனால் வழிபாட்டுப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'நாத்ரோன்' என்ற கூத்தும் நம் நாடகத்தின் வழிவந்ததுதான். உச்சரிப்பு மாறியிருக்கிறது என்று யாரையும் திருத்தப் போகாதீர்கள், நின்று கேளுங்கள்.

அதே வழியில் கர்பேயின் இரண்டாம் அருவி 110 மீட்டர். நடை அரைமணிக்கும் குறைவு. பாறை சரிவதால் அருவியின் அடிக்குப் போகத் தடை, மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வடை போலிருக்கும் 'அக்ரா'வில் சொல்லாவிட்டால் உப்புக் கருவாடு இருக்கும். 'அக்ரா த லெகூம்' என்றால் காய்கறி. "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். சௌசௌவை அங்கே கிரிஸ்தோஃபின் என்பார்கள். பாலாடைக்கட்டி போட்டு அடுப்பில் சுட்டுத் தருவது அருமையாக இருக்கும். தீவின் புகழ்பெற்ற 'கோலோம்போ' நம் குழம்புதான். மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த பொடி. மிளகாய் தனியாக வரும். அந்த மிளகாயை நுனி நாக்கால் சோதித்துவிட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள், நம் ஊசிமிளகாயை மிஞ்சும். ஞாயிறு மதியத்துக்குமேல் கடைகள் மூடிவிடும் என்பதால் சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். அசைவம் உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாழைத் தோட்டங்களில் 1993 வரை தெளித்த குளோர்தெகோன் பூச்சிக்கொல்லி மண்ணில் இன்னும் இருக்கிறது. பாஸ்-தேர் ஆறுகளில் பிடித்த மீனும் இறாலும் வேண்டாம்.

கேள்வி: கடற்கரையில் சிவப்புப் பட்டை பூசிய மரங்களைப் படத்தில் பார்த்தோம். எதற்கு?

அவை மான்சனிலியே மரங்கள். சின்ன ஆப்பிள் போன்ற பச்சைக் காய், இனிய வாசனை. தின்றால் தொண்டை வெந்துபோகும், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழை பெய்யும்போது அதனடியில் ஒதுங்கினால் இலையில் வழியும் நீரே போதும். எல்லா மரத்திலும் பட்டை இருக்காது. தெரியாத மரநிழலில் துண்டு விரிக்காமல் தென்னை நிழலைத் தேடுங்கள், தேங்காய்க்கு நேர் கீழே வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் மிச்சம். பக்கத்துத் தீவுகளில் எதற்குப் போவது, லே சேந்தா, மரி-கலாந்தா?

லே சேந்த். பாஸ்-தேரின் தென்கரை ஊரான துருவா-ரிவியேரிலிருந்து படகில் அரைமணிக்குள் போய்விடலாம். மரி-கலாந்த் புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து ஒரு மணி நேரம், அலையும் அதிகம். காற்றாலைகளும் ரம் ஆலைகளும் நிறைந்த அந்தத் தீவுக்கு ஓரிரவாவது தங்கினால்தான் நியாயம் செய்ய முடியும்.

முதல் படகிலேயே போங்கள். லே சேந்தின் முக்கியத் தீவான தேர்-த-ஓவின் நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும் திறந்திருக்கும். பன்னிரண்டரைக்கு மூடிவிடுவார்கள். துறையிலிருந்து ஏற்றத்தில் நடை அரைமணி. ஸ்கூட்டரோ மின்வண்டியோ வாடகைக்கு எடுக்க ஓட்டுநர் உரிமம் கையில் வேண்டும். மேலிருந்து தெரியும் கடலில்தான் 1782 ஏப்ரல் 12 அன்று ரோட்னியின் ஆங்கிலக் கப்பற்படை த கிராஸின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அந்தப் போரை விளக்கும் மாதிரிக் கப்பல்கள் கோட்டைக்குள் இருக்கின்றன. மதியம் பேன் த சூக்ர் கடற்கரையில் குளித்துவிட்டு, துறையில் விற்கும் 'தூர்மான் தாமூர்' என்ற தேங்காய்ப் பணியாரத்தைச் சூடாக வாங்கிக்கொண்டு, கடைசிப் படகுக்கு முந்தைய படகில் ஏறுங்கள். கடல் கொந்தளித்தால் கடைசிப் படகை ரத்து செய்துவிடுவதுண்டு. குமட்டல் மாத்திரை போடுபவர்கள் கிளம்ப அரைமணி முன்பே போட வேண்டும், படகு ஆடத் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை.