வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என் இணையக் கடையில் கட்டணப் பக்கம் வரை வந்துவிட்டு வாங்காமல் போகிறார்கள். எதைச் சரிசெய்வது?

முகவரிப் படிவத்திலிருந்து தொடங்குங்கள். டாலர் விலை, மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குன்னூரில் எங்கள் குடும்பம் தேயிலைக் கடை நடத்துகிறது. மலை ரயிலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் இலையைச் சுருட்டிப் பதப்படுத்தும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் அரைக் கிலோவும், சிலர் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூந்தையல் சால்வையும் வாங்கிப்போவார்கள். ஊர் திரும்பியபின், இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று எழுதுவார்கள். அவர்களை நினைத்துத்தான் இணையக் கடையே தொடங்கினோம். ஆனால் முதல் ஆண்டில் வந்த வெளிநாட்டு ஆர்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருநாள் பார்சல் கட்டும்போது என் தங்கை ஒரு முகவரிச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கட்டடம், தெரு எல்லாம் ஹாங்காங். மாநிலம் தமிழ்நாடு. பின்கோடு 643101, அதாவது எங்கள் குன்னூருடையது. வாங்கிய அம்மையாரிடம் மின்னஞ்சலில் விசாரித்தோம். ஹாங்காங்கில் அஞ்சல் குறியீடே கிடையாது, ஆறு இலக்கம் இல்லாமல் உங்கள் படிவம் நகரவில்லை, அதனால் உங்கள் கடையின் எண்ணையே போட்டேன் என்றார். தொலைபேசிக்குப் பத்து இலக்கம் கேட்டதால் தமது எட்டு இலக்க எண்ணுக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்திருந்தார். அவருக்கு அவ்வளவு பொறுமை இருந்தது. அந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ என்று எண்ணி அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே முதலில் நாட்டைக் கேளுங்கள். மற்ற கட்டங்கள் அதற்கேற்ப மாறட்டும். அஞ்சல் குறியீடு சிங்கப்பூருக்கு ஆறு இலக்கம், இலங்கைக்கும் மலேசியாவுக்கும் ஐந்து, பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் நம்முடையதைப் போன்ற பின்கோடு இல்லை. மாநிலம் என்ற கட்டத்தையும் எல்லா நாட்டுக்கும் கட்டாயமாக்க வேண்டாம். பெயருக்கு ஒரே கட்டம் போதும். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தின் முன் தகப்பனார் பெயரை எங்கே எழுதுவது என்று திகைத்து நின்றவர்கள் நாம். அதே தொல்லையை நம் கடைக்கு வருபவருக்குக் கொடுக்கலாமா? ஓடிபி வந்தால்தான் உள்ளே விடுவது என்ற ஏற்பாடு இருந்தால் அதை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். எங்கள் குறுஞ்செய்திச் சேவை +91 எண்களுக்கு மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கானது. வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதியையும் பெரும்பாலும் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது சுங்கவரி. ஜெர்மனிக்குப் போன ஒரு சால்வை எங்களிடமே திரும்பி வந்தது. வரியும் கையாளும் கட்டணமும் கட்டினால்தான் பார்சல் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். நாங்கள் முன்கூட்டிச் சொல்லாத தொகையை வாங்கியவர் ஏன் கட்டவேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருள்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 அன்றே நீங்கிவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கவரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. எனவே கூடையில் பொருளைப் போட்டவுடனேயே விலை, அஞ்சல் செலவு, அங்கே கட்டவேண்டிய வரி மூன்றும் கண்ணில் படவேண்டும். வரியைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டால், வரி தனி, அதைப் பெறுபவர் கட்டவேண்டும் என்றாவது எழுதுங்கள். நம் பக்கத்தில் ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணும், ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்புவதற்கான எல்யூடி உறுதிக்கடிதமும் இருந்தால், உள்நாட்டு விலையில் இருக்கும் வரியை வெளிநாட்டவர் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

எதை அனுப்ப முடியாது என்பதையும் அந்தப் பொருளின் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது நீலகிரி தைலம். அது தீப்பற்றும் திரவம், விமான அஞ்சலில் ஏற்கமாட்டார்கள். கட்டணப் பக்கம் வரை இழுத்துச் சென்று கைவிரித்தால் அவர் தேயிலையையும் சேர்த்து விட்டுவிட்டுப் போவார்.

பொருள் விவரத்தில் நாங்கள் திருத்தியது ஒன்று. ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இங்கே ருசி பார்த்து, கொதித்த நீரை ஊற்றுங்கள் என்று எழுதியிருந்தோம். கொதிநீர் இதைவிடச் சூடாக இருக்கும் கடலோர ஊர்களில் குடித்தவர்கள் கசக்கிறது என்றார்கள். இப்போது வெப்பநிலையையும் நிமிடத்தையும் எண்ணால் குறிப்பிடுகிறோம். சால்வைக்குச் சென்டிமீட்டரும் அங்குலமும் தருகிறோம். துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் தையல் அது; 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அளவு தெரியாமல் வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு மனம் பொறுக்காது.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் மாதம்.

விருப்பமிருந்தால் உங்கள் கடையின் இணைப்பைக் கீழே இடுங்கள். ஹாங்காங் முகவரி ஒன்றைப் போட்டு, கட்டணப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.