பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் வரவில்லை: மழைக்காலக் கேள்வி பதில்

மும்பையில் ஜூன் பிறந்தாலே எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை இதற்காகத்தான். பள்ளி லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போய், மழை பிடிக்கும் நேரத்தில் திரும்பி வந்து ஆன் செய்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. சயானில் இருபது வருஷத்துக்கு மேலாக ரிப்பேர் வேலை பார்க்கிறேன். கேட்பவர்கள் மூன்று விஷயம் பார்த்துச் சொன்னால் போதும்: உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? விண்டோஸ் சின்னம் வரை போகிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்.

ஆன்டாப் ஹில்: அண்ணா, திருநெல்வேலி போய்விட்டு நாற்பது நாள் கழித்து வந்தோம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. வந்து பார்த்தவர் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்.

கொஞ்சம் பொறு தங்கச்சி. மதர்போர்டு என்பது எல்லாப் பாகமும் பொருந்தும் பெரிய தகடு. அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன், அதில் செருகியிருக்கும் நினைவகத் தகடான ராமைக் கழற்றிப் பார்க்கச் சொல். அவர் அதைச் செய்தாரா என்று நீ எழுதவில்லை.

நீயே செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடி, உள்ளே மிச்சம் நிற்கும் கரண்ட் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைத் திற. கேபினெட்டின் வெறும் இரும்பில் ஒரு தடவை கையை வை, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். ராமின் முனையில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக எழும்பி வரும். ஜன்னல் வெளிச்சத்தில் அதன் அடி விளிம்பைச் சாய்த்துப் பார். வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகள் பளபளவென்று இருக்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால், பூட்டிக் கிடந்த வீட்டில் அதன்மேல் மங்கலாக ஒரு படலம் படியும். பழைய எவர்சில்வர் தட்டில் தண்ணீர்க் கறை படிந்த மாதிரி இருக்கும்.

பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, மேலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாகத் தேய். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது முலாமையே அரித்துவிடும். ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது, தள்ளி வைத்துத் துடை. திரும்பப் போடும்போது பள்ளம் சரியாகப் பொருந்துகிறதா பார்த்து, ‘டக்’ என்று கிளிப் மூடும் வரை அழுத்து. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். அதற்கும் வரவில்லையென்றால் மறுபடி எழுது, அப்புறம் போர்டைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று: திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷினில், சுத்தம் செய்துவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டு பக்கம் செருகிவிடுவார்கள். கார்டில்தான் செருக வேண்டும்.

தாராவி: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. ஃபேனும் சுற்றவில்லை.

அப்படியென்றால் உள்ளே கரண்டே போகவில்லை. முதலில் யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். யுபிஎஸ் பேட்டரி சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், பழி கம்ப்யூட்டர் மேல் விழும். கேபினெட் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது அது அணைந்து கிடந்ததை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். பவர் கேபிளை மானிட்டருடையதோடு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ், இல்லாவிட்டால் முன்பக்கப் பட்டன். தெரிந்தவரிடம் கொடுத்தால், 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து எஸ்எம்பிஎஸ் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் மட்டும் போதாது, மீட்டர் வைத்து மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 11.4க்குக் கீழே இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கி அடிக்கும்.

முலுண்ட்: ஆன் செய்தால் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது.

நல்ல செய்தி தம்பி, எங்கே வலி என்று அதுவே சொல்கிறது. நிற்காமல் கத்தினால் அனேகமாக ராம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு. கணக்கு பயாஸுக்கு பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) மாறும், உன் போர்டின் கையேட்டைப் பார். பல புது போர்டுகளில் பீப்புக்குப் பதில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடு.

செம்பூர்: தினமும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. நேற்று முதல் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று நிற்கிறது. வயது 71, நானே சரிசெய்ய முடியுமா?

தாராளமாக முடியும் சார். போர்டில் ஒற்றை ரூபாய் அளவுக்கு வட்டமாக இருப்பது சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள்.

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றால் விண்டோஸை ஏற்ற டிஸ்க் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் இந்த இரண்டாவது தொல்லையும் இதிலிருந்தே வந்திருக்கலாம். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் பழைய செட்டிங்கை மறந்துவிடும். பழைய பூட் முறையான லெகஸியில் ஓடிய மெஷின் புது முறையான யுஇஎஃப்ஐக்கு மாறிக்கொள்ளும், டிஸ்க் நன்றாக இருந்தும் ‘இல்லை’ என்று சொல்லும். டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் முறையை மாற்றினால் போதும். அதற்கு முன் பென் டிரைவ் ஏதாவது செருகியபடியே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டோம்பிவிலி: எனக்கும் அதே ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது. நண்பர் ஃபார்மேட் செய்யலாம் என்கிறார். அப்பாவின் கடைசி வருஷப் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதைப் படித்த உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ஃபார்மேட் வேண்டவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கில் சுற்றும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருவதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறது. கீறினால் அந்த இடத்துப் போட்டோ யாராலும் மீட்க முடியாதது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அடுத்த வாரம் முழுக்கச் சேறு ஒட்டிய கேபினெட்டுகள் என்னிடம் வந்தன. ‘காய்ந்துவிட்டதா பார்க்கலாம்’ என்று ஆன் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்த டிஸ்க்குகள்தான் கைவிட்டுப் போயின. ஒரு அம்மா தொடாமல் அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். டேட்டா மீட்பவரிடம் அனுப்பினோம், மகளின் கல்யாணப் படங்கள் வந்துவிட்டன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சத்தம் வரும் டிஸ்க்கை நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். லேமிங்டன் ரோட்டில், கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் விசாரியுங்கள். செலவு ஆகும், எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கல்யாண்: லோக்கல் ரயிலில் வரும்போது பையோடு லேப்டாப் நனைந்துவிட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறேன்.

அரிசியிலிருந்து எடுத்துவிடுங்கள் அக்கா, அதன் தூசிதான் உள்ளே போகும். சார்ஜர் போடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றுங்கள். கூடாரம் மாதிரி விரித்துக் கவிழ்த்து வைத்து, முடிந்தால் நாளைக்கே திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். தண்ணீரைவிட அது விட்டுப்போகும் உப்புதான் போர்டை அரிக்கும்.

கோரேகாவ்: ஐந்து நொடி ஓடி அணைகிறது, மறுபடி ஆன் ஆகிறது.

பிராசஸர் ஃபேன் சுற்றுகிறதா, அதன் அடியில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் முன்பக்க பவர் பட்டன் உள்ளே அழுந்தியபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால் இதே மாதிரிதான் செய்யும்.

பாண்டுப்: விண்டோஸ் சின்னம் வந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது நீலத் திரையில் ஏதோ 48 இலக்க எண் கேட்கிறது.

அது பிட்லாக்கர் சாவி, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் சாவி. மெஷினில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, போனில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். எண்ணைப் போட்டபின் ஸ்டார்ட்அப் ரிப்பேர் (விண்டோஸ் தன்னைத் தானே சரிசெய்ய முயலும் வசதி), சரியாகாவிட்டால் சேஃப் மோட் (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் முறை). சேஃப் மோடில் எழுந்துவிட்டால் முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு, பிறகு மற்றதைப் பாருங்கள்.

வாஷி: விண்டோஸ் 10 நின்றுவிட்டது என்கிறார்களே, அதனால்தான் ஆன் ஆகவில்லையா?

இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று நின்றது மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவுதான், மெஷின் வழக்கம்போல் ஓடும். உங்களுக்கு ஃபேன் சுற்றுகிறதா? அதைச் சொல்லுங்கள்.